எது முந்துகிறதோ அது

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளலாமா? தூசி வருகிறது. முழுக்க வேண்டாம், உங்களுக்கு வியர்க்கும். பாதி போதும். ஒன்பது வருடம் பஸ் ஏறாமல் இருந்தவன் நான். இந்த ஒன்றரை மாதத்தில் இது நாலாவது தடவை. இன்னும் பழகவில்லை.

கம்பம் போகிற பஸ்தானே இது? போர்டைப் பார்த்துத்தான் திருநெல்வேலியில் ஏறினேன். இருந்தாலும் கேட்கிறேன். நான் கம்பம் வரை வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிடுவேன், டிக்கெட்டும் அதுவரைதான். அங்கே ஒர்க்‌ஷாப்பில் என் கார் நிற்கிறது. அதை எடுத்துக்கொண்டு கம்பம் போய் வீட்டுக்காரியை அழைத்துவர வேண்டும். அவளுடைய அக்கா வீட்டில் இருக்கிறாள். நாற்பத்தேழு நாளாகிறது.

கோபித்துக்கொண்டு போனாளா என்று கேட்கிறீர்கள். இல்லை. போனது கோபத்தில் இல்லை. போன இடத்தில்தான் ஏதோ ஆகியிருக்கிறது.

சங்கரன்கோவில் தாண்டிவிட்டோமா? தாண்டிவிட்டோம், இல்லையா? சரி.

நான் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். கடைக்காரர்களுடைய தராசு, எடைக்கல், பெட்ரோல் பங்க் அளவு இதையெல்லாம் சோதித்து முத்திரை வைக்கிற வேலை. முப்பத்திரண்டு வருடம். அளவு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு காரை வாங்கி அசட்டையாகக் கெடுத்துவிட்டான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக் அப்படித்தான் நினைக்கிறான். என் வீட்டிலும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

வெள்ளை நிறக் கார். வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள், நேற்று வாங்கினதா என்று கேட்பீர்கள். இருக்கைகளின் மேல் கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை இன்னும் எடுக்கவில்லை. மழையில் எடுக்க மாட்டேன். மண் ரோட்டில் விட மாட்டேன். வீட்டிலிருந்து ஆபீஸ் ஒன்றே கால் கிலோமீட்டர். போக, வர. வெள்ளிக்கிழமை கோவில், அது அதைவிடப் பக்கம். ஓய்வு பெற்ற பிறகு கோவில் மட்டும்தான். மற்ற நாட்களில் காலையில் காபி குடித்ததும் போர்ட்டிக்கோவில் நிறுத்தியபடியே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுவேன். பேட்டரி இறங்கக் கூடாது, இன்ஜின் இறுகக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம். எங்கள் தெருவில் எல்லோரும் செய்கிறார்கள். அவர்கள் இரண்டு நாள் செய்வார்கள், மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். நான் ஒரு நாளும் விட்டதில்லை.

அப்புறம் கார் முழுக்க மூடுகிற உறையைப் போட வேண்டும். பெரிய உறை. ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை வடிவு பிடிப்பாள். சண்முகவடிவு, என் வீட்டுக்காரி. ஒன்பது வருடமாகக் காலையில் எடுக்க ஒரு தடவை, போட ஒரு தடவை. கையில் மாவு இருந்தால் கழுவிவிட்டு வருவாள். நான் ஹாரன் அடித்துக் கூப்பிடுகிற ஆள் இல்லை. நின்றுகொண்டிருப்பேன், வந்துவிடுவாள். இப்போது வண்டி திரும்பி வந்தால் யார் பிடிப்பது? ஒற்றை ஆளாக அந்த உறையைப் போடவே முடியாது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சரியும். இதை அவளிடம் போனிலும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயில் பார்ப்பேன். கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடு இருக்கும். மேல் கோட்டுக்குக் குறையவே குறையாது. ஒன்பது வருடத்தில் ஒரு சொட்டு குறையவில்லை. கடைசி இரண்டு வருடம் கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது. அண்டை வீட்டு வங்கி மேனேஜருக்கு மாதம் ஒரு தடவை ஊற்ற வேண்டியிருக்கும். நான் அவருக்கு என் கம்பியைக் காட்டுவேன்.

ஏறியிருக்கிறதே, ஆயில் எப்படித் தானாக ஏறும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த மெக்கானிக்கும் அதைத்தான் கேட்டான். குறைந்தால்தானே குற்றம்? எடை குறைந்தால் வழக்குப் போடலாம். கூடினதற்கு யாராவது வழக்குப் போடுவார்களா?

ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் நிறைய. நான் துணியால் துடைத்துவிடுவேன். ஒரு நாள் வடிவு பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "என்னங்க இது, தயிர் மாதிரில்லா இருக்கு" என்றாள். அதோடு விட்டாளா? சோறு சரியாகக் கொதிக்காமல் இறக்கி மூடிவைத்தால் மூடி வேர்த்து உள்ளே சொட்டும், மறுநாள் சோறு சளித்துப்போகும், அதுபோல உள்ளே தண்ணி வேர்க்கிறதோ என்னவோ என்றாள். அடுப்படி விஷயத்தை இன்ஜினில் கொண்டுவராதே என்று சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

இது ராஜபாளையமா? இல்லை, இன்னும் வரவில்லை.

கம்பத்துக்குப் போக வேண்டும் என்று அவள் வருடா வருடம் கேட்பாள், அதை மறைக்கவில்லை. உலகம்மாள் மதினி, அவளுடைய அக்கா, திராட்சைத் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். வண்டி வாங்கின வருடம் கேட்டாள். புது வண்டி, கொஞ்சம் பழகட்டும் என்றேன். அடுத்த வருடம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பிறகு மழை. பிறகு ஆபீஸில் தணிக்கை. ஓய்வு பெற்ற பிறகு போகலாம் என்றேன். ஓய்வு பெற்றதும் வெயில். நான் பஸ்ஸில் போய் வரட்டுமா என்பாள். கார் வாசலில் நிற்கும்போது பெண்டாட்டி பஸ்ஸில் போனால் தெருவில் என்ன பேசுவார்கள்? அதனால் அவளும் கேட்டுக் கேட்டு, அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எனக்கும் மறந்துவிட்டது.

இந்தப் பங்குனியில் மதினிக்கு வயிற்றில் கட்டி என்று தேனியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். புதன்கிழமை மதியம் ஒரு மணி. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே கொண்டுபோவதற்குள் ஒரு தடவை அக்கா முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று வடிவு முந்தின நாளே பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான்தான் நிறுத்தினேன். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் பதினொன்றுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுகிறேன் என்றேன். என் வாக்கு அது. மீட்டரில் அப்போது 9,712.

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நான் அறுபதுக்கு மேல் போகவில்லை. வண்டி பஞ்சு போல ஓடியது. பொய் சொல்லவில்லை, வடிவும் அதைச் சொன்னாள். சங்கரன்கோவில் தாண்டினதும் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். தலைமுடியெல்லாம் பறக்கிறது. மலையைப் பார்க்கிறாள், கரும்பைப் பார்க்கிறாள், ஏதோ கேட்கிறாள். அக்காவுக்கு அப்படி இருக்கிறது, இவள் இப்படிச் சின்னப்பிள்ளை மாதிரி வருகிறாளே என்று எனக்கு ஆச்சரியம். தூசி சீட்டில் படியும், ஏற்று என்றேன். பிளாஸ்டிக் மூடித்தானே கிடக்கு என்றாள். பிளாஸ்டிக்கிலும் படியும் என்றேன். ஏற்றிவிட்டாள்.

ராஜபாளையம் தாண்டினதும் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க, மூக்கு வச்ச கிண்டி மாதிரி ஒண்ணு செவப்பா எரியுதே."

ஆயில் விளக்கு அது. நான் ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்திருக்கிறேன், மேல் கோட்டுக்கு மேல் இருக்கிறது. அளவு சரியாக இருக்கும்போது விளக்கு எரிந்தால் கோளாறு விளக்கில்தானே? நீங்களே சொல்லுங்கள். நிறுத்திப் பாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை. நேரம் வேறு ஆகிக்கொண்டிருந்தது, அவளுக்காகத்தான் நிறுத்தாமல் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினதும் கட கட என்று ஒரு சத்தம். கிருஷ்ணன்கோவில் தாண்டினதும் ஒரு முறை உலுக்கி, அப்படியே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் அசையவே இல்லை. இறுகிவிட்டது. 9,824.

இதோ ராஜபாளையம். டிரைவர் டீ குடிக்க இறங்குகிறார் பாருங்கள், இன்ஜினை அணைக்கவில்லை. முன்பெல்லாம் நான் இறங்கிப் போய்ச் சொல்லியிருப்பேன். இல்லை, பரவாயில்லை. இது சூடேறி நூறு கிலோமீட்டர் ஓடி வந்த இன்ஜின், உள்ளே எல்லாம் காய்ந்திருக்கும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் மட்டும் ஓடி அணைகிறதே, அதுதான் வேண்டாதது என்கிறான் மெக்கானிக். எனக்கு இதெல்லாம் இப்போது தெரிகிறது.

எங்கே விட்டேன்? நின்றுவிட்டது. மணி ஒன்பது இருபது. நான் கார் விற்றவர்களுக்கு போன் போட்டேன். அவர்கள் ஒரு நம்பர் தந்தார்கள், அந்த நம்பர் இன்னொரு நம்பர் தந்தது. விடவில்லை நான். பத்தாயிரம்கூட ஆகாத வண்டி எப்படி நிற்கலாம் என்று கேட்டேன். வடிவை உள்ளேயே உட்காரச் சொல்லியிருந்தேன், ரோட்டில் நிற்க வேண்டாம் என்று. பேச்சு முடிந்து திரும்பிப் பார்த்தால் பதினொன்றரை. அவள் வெளியே நிற்கிறாள். பிளாஸ்டிக்கில் சாய்ந்திருந்ததால் ரவிக்கை முதுகு முழுக்க ஈரம். கையில் பை.

"நான் போறேன். நீங்க வண்டியப் பாத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

ஒரு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் திறப்பதைப் பார்த்தேன். அப்போது இழுவை வண்டிக்காரன் போனில் வந்துவிட்டான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. மதினியை உள்ளே கொண்டுபோய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் மதினிக்கு ஒன்றும் ஆகவில்லை, சாயங்காலம் நல்லபடியாக வெளியே வந்தார்கள். இப்போது எழுந்து நடக்கிறார்கள், தோட்டத்துக்குப் போகிறார்கள். ஒன்றுமே ஆகவில்லை. அப்படியிருக்கும்போது என்ன வருத்தம்? அதைத்தான் நான் கேட்கிறேன்.

பாட்டிலைப் பார்க்கிறீர்களா? பையில் வைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், ஊறுகாய் பாட்டில்தான், மூடி இறுக்கமானது. என் இன்ஜினுக்குள்ளிருந்து எடுத்தது. தார் போல இருக்கிறதா? சாய்த்துப் பாருங்கள், நகராது. இதுதான் ஆயில். ஒன்பது வருடத்துக்கு முன்னால் தேன் நிறத்தில் ஊற்றினது. அடித்தொட்டி முழுக்க இதுதான் படிந்திருந்ததாம். ஒர்க்‌ஷாப்காரன் பெயர் சீனிவாசகம். கரண்டியால் வழித்துப் போட்டுக்கொண்டே என்னைப் பார்க்கிறான்.

"ஆயில் இருந்துச்சு அண்ணாச்சி. மேல ஏறல" என்றான். "சல்லடை பூரா அடைச்சிருக்கு. வண்டிய ஓட்டிக் கெடுத்தவங்களப் பாத்திருக்கேன். ஓட்டாமலே கெடுத்தது நீங்கதான்."

சிரிக்கவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். இன்ஜின் ஓடினால் உள்ளே தண்ணீர் வேர்க்குமாம். இருபது, முப்பது கிலோமீட்டர் போனால் அந்தச் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். ஒன்றே கால் கிலோமீட்டரில் அணைத்தால் போகாது. உள்ளேயே தங்கி ஆயிலோடு சேரும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சேரும். கோடு ஏறினது அதனால்தானாம். முதலில் வெண்ணெய் மாதிரி, அப்புறம் கறுத்து, கசடாகி, படிந்துவிடும். சும்மா இருக்கும்வரை அடியில் கிடக்கும். நூறு கிலோமீட்டர் ஓடினதும் அந்தச் சூட்டில் இளகிப் பெயர்ந்து வந்து அடைத்துவிட்டது. நீங்கள் தினமும் அந்த ஐந்து நிமிடம் ஓட்டாமல் இருந்திருந்தாலே பாதி பிழைத்திருக்கும் என்றான்.

வடிவு சொன்ன அதே மூடி வேர்க்கிற கதைதான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டான். வாங்கின புதிதில் இலவச சர்வீஸில் ஒரு தடவை. அதன்பின் எதற்கு? கைப்புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று. பத்தாயிரம் ஆகவே இல்லையே. அதற்கு அவன் புத்தகத்தை வாங்கி அந்த வரியின் மீதிப் பாதியையும் படித்துக் காட்டினான். அல்லது ஒரு வருடம். இரண்டில் எது முந்துகிறதோ அது.

அந்தப் பாதி எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். படித்திருக்கிறேன். வியாபாரிகள் தங்கள் வசதிக்குச் சேர்த்துக்கொள்கிற வரி என்று நினைத்தேன். ஓடாத வண்டிக்கு வருடம் என்ன, மாதம் என்ன? என் வேலையில் இப்படி எத்தனை பேச்சுக் கேட்டிருக்கிறேன் தெரியுமா. மேலப்பாளையத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரர், முகம்மது இஸ்மாயில் என்று பெயர். தராசுக்கு முத்திரை தேதி முடிந்திருந்தது. சார், இந்தத் தராசை நான் ஒரு வருஷமா தொடவே இல்ல, பரண்ல கிடந்துச்சு, உறைகூடப் பிரிக்கல என்று கெஞ்சினார். நான் சொன்னேன், தொட்டீரா தொடவில்லையா என்பது கேள்வி இல்லை, வருடம் முடிந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி, சும்மா கிடந்தாலும் தராசு மாறும். வழக்குப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

அது வேறு. தராசு வேறு.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், கால் மரத்துவிட்டது.

இந்த நாற்பத்தேழு நாளும் தினமும் சாயங்காலம் அவளுக்கு போன் செய்தேன். ஒரு நாள்கூட விடவில்லை. என்ன பழுது, என்ன மாற்றுகிறார்கள், கிராங்க் கடைசலுக்குப் போயிருக்கிறது, பிஸ்டன் தப்பித்தது, எல்லாம் விவரமாகச் சொன்னேன். அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, என் மேல் தப்பில்லை என்று. ஒரு நாள் அரைமணி நேரம் பேசி முடித்து, கேட்கிறாயா என்றேன். மதினி குரல் வருகிறது. "அவ அப்பவே அடுப்படிக்குப் போய்ட்டா தம்பி. போன் கட்டில்ல கிடக்கு. பத்து நாளா நாந்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். நேத்து அந்தக் கிராங்க் வந்துட்டா?" என்றார்கள். மதினிக்கு எப்போதும் கிண்டல்தான்.

அக்கா நடக்கட்டும், வருகிறேன் என்றாள் முதலில். அக்கா நடந்தாயிற்று. பிறகு திராட்சை வெட்டு முடியட்டும் என்றாள். போன வாரம் போன் செய்தால் இரண்டு பேரும் குமுளி போய்விட்டு வந்தோம் என்கிறாள். எப்படிப் போனாய் என்றேன். பஸ்ஸில்தான், அரைமணிக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றாள். அவள் குரலே வேறாக இருந்தது. நான் வண்டி ரெடியாகப் போகிறது, வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றேன். போனை மறுபடி கட்டிலில் வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். அப்புறம் சொன்னாள்.

"வண்டியில வந்தீங்கன்னா நான் ஏற மாட்டேன். வாரதுன்னா பஸ்ல வாங்க. பேசுவோம்."

பேசுவோம் என்றால் என்ன அர்த்தம்? வருகிறேன் என்று அர்த்தமா, வரவில்லை என்றா? முப்பத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பஸ்ஸில் வந்தால் பேசுவோம், வண்டியில் வந்தால் அதுவும் இல்லை. இது விளையாட்டுப் பேச்சு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். புது இன்ஜின் மாதிரி செய்து வைத்திருக்கிறான், வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் ஏறாமல் என்ன செய்வாள்? இந்தப் பாட்டிலையும் காட்டப் போகிறேன். பார், இதுதான் அடைத்தது, நான் இல்லை என்று.

காட்ட வேண்டாம் என்கிறீர்களா? நீங்கள் கல்யாணம் ஆனவர்தானே? சரி, சரி.

ஏற மாட்டாளோ?

கோபுரம் தெரிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒர்க்‌ஷாப் நடக்கிற தூரம். கொஞ்சம் வழி விடுங்கள், பையை எடுத்துக்கொள்கிறேன். பத்து நிமிடம் நிற்பார்கள் அல்லவா? அவசரம் இல்லை. எல்லோரும் இறங்கட்டும்.

இருங்கள், போன். அவன்தான்.

சொல்லுங்க சீனிவாசகம். ஆமா, ஸ்டாண்டுலதான் இருக்கேன். பஸ்லதான். இல்ல, இன்னும் இறங்கல. நான் என்ன நினைக்கேன்னா, புது கேஸ்கெட் இன்னும் ஒரு நாள் இருந்து பிடிக்கட்டும். நேத்தே பிடிச்சாச்சா? இருக்கட்டும், இருக்கட்டும். நீங்க வேணும்னா அந்தப் பக்கம் மதுரை ரோட்டுல ஒரு முப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. ஆமா, நீங்களேதான். சீட்டுல அந்தப் பிளாஸ்டிக் இருக்குல்லா, அதக் கிழிச்சுப் போட்ருங்க. வச்சுடுறேன்.

கேஸ்கெட் விஷயம். அவசரப்பட்டால் கசியும். வேறு ஒன்றும் இல்லை.

கண்டக்டர் என்னைத்தான் பார்க்கிறார். ஆமாம் தம்பி, டிக்கெட் இதுவரைதான். கம்பம் ஒன்று கொடுங்கள். அதற்கென்ன, முதலிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஒன்றே போதும். வரும்போது எத்தனை என்று இப்போது தெரியாது.

பாட்டில் பையிலேயே இருக்கட்டும்.

புறப்பட்டுவிட்டானா? இன்னும் கால்மணி நேரத்தில் கிருஷ்ணன்கோவில் வரும், அதைத் தாண்டினதும் வரிசையாகப் புளியமரங்கள். அதில் ஒரு மரத்தடியில்தான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். மீட்டரில் 9,824, அது நன்றாக நினைவிருக்கிறது. அவள் எந்த மரத்துக்குப் பக்கத்தில் நின்று பஸ்ஸைக் கை காட்டினாள் என்பதுதான் தெரியவில்லை. எல்லா மரமும் ஒன்றுபோல இருக்கும். பார்த்தால் தெரியுமோ என்னவோ.

அந்தக் கண்ணாடியை முழுக்கத் திறந்துவிடுங்கள். வரட்டும். தூசி வரத்தான் செய்யும்.